காணாமல் போன ஒரு பாட்டு: மப்பெட் ரசிகர்களும் முப்பது ஆண்டுக் காத்திருப்பும்

1992 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவில் வெளியான 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கரோல்' என்ற பாவைப் படத்திலிருந்து, வெளியீட்டுக்கு முன் 'வென் லவ் இஸ் கான்' என்ற பாட்டு வெட்டப்பட்டது. அது முழுத் தரத்தோடு படத்துக்குள் தன் இடத்துக்குத் திரும்பியது 2022 டிசம்பரில். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அந்தப் பாட்டு வீடியோ கேசட்டில் இருந்தது, டிவிடியின் ஒரு வடிவில் இருந்தது, இன்னொரு வடிவில் இல்லை, ப்ளூ-ரேயில் இல்லை. அதன் நெகட்டிவ் எங்கே என்பது ஸ்டுடியோவுக்கே தெரியாமல் போன காலமும் உண்டு.

ரசிகர்கள் உயிராய் நேசிக்கும் ஒரு பாவை நகைச்சுவைக் குடும்பம் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று பொதுவாகப் பேசினால் பேச்சு கோபத்தில் தொடங்கிக் கோபத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு பாட்டின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் யார் எந்த முடிவை ஏன் எடுத்தார்கள் என்பது ஓரளவு தெளிவாகிறது. அதனால்தான் இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்தேன். படைப்பாளிகளின் பெயர்கள் வரலாற்றில் இருப்பவை, அவற்றை எழுதுகிறேன். ஸ்டுடியோவில் முடிவெடுத்தவர்களையும் ரசிகர்களையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

பின்னணி

மப்பெட் என்பது ஒரு வகைப் பாவை. ஆட்டுபவரின் ஒரு கை பாவையின் தலைக்குள் போய் வாயை அசைக்கும். மற்றக் கை, பாவையின் கைகளோடு இணைத்த மெல்லிய கம்பிகளைப் பிடித்திருக்கும். குரலும் அவருடையதே. தலைக்கு மேலே பாவையைத் தூக்கிப் பிடித்தபடி, கீழே இருக்கும் சிறிய மானிட்டரில் அது கேமராவுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே நடிப்பார். கையும் குரலும் பார்வையும் ஒரே ஆளிடம் இருப்பதால்தான் அந்தத் துணிப்பொம்மைக்கு உயிர் வருகிறது. ரசிகர்களின் குறை எதுவானாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

இதைத் தொடங்கியவர் ஜிம் ஹென்சன். 1955-இல் தன் தாயின் பழைய கோட்டுத் துணியில் ஒரு உருவம் தைத்து, ஒரு பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிக் கண்களாக ஒட்டினார். அதுதான் பிற்காலத்தில் தவளையான கெர்மிட். 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீயில் படமாக்கப்பட்ட 'தி மப்பெட் ஷோ' 120 அத்தியாயங்கள் ஓடியது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதை ஒரு பிரிட்டிஷ் தயாரிப்பாளர் நம்பிப் பணம் போட்டார்.

ரசிகர்கள் பேச்சில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு செய்தி: டிஸ்னியிடம் போக முதலில் முடிவெடுத்தவர் ஹென்சனேதான். 1989 ஆகஸ்டில் அந்த உடன்பாடு அறிவிக்கப்பட்டது. நிர்வாகச் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் படைப்பு வேலையில் மட்டும் இருக்க அவர் விரும்பினார். 1990 மே 16 அன்று, 53 வயதில், கடுமையான பாக்டீரியாத் தொற்றால் அவர் திடீரென்று இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பேச்சுவார்த்தை முறிந்தது. பாவைகள் குடும்பத்தின் கையிலேயே இருந்தன.

2000-இல் ஈஎம்.டிவி என்ற ஜெர்மன் நிறுவனம் ஹென்சன் நிறுவனத்தை 680 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அந்த நிறுவனம் சரிந்ததும், 2003-இல் அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கொடுத்துக் குடும்பம் திரும்ப வாங்கிக்கொண்டது. 2004 பிப்ரவரியில் மப்பெட் பாத்திரங்கள் டிஸ்னிக்கு விற்கப்பட்டன.

எனவே 1992-இல் நிலைமை இதுதான்: பாவைகள் குடும்பத்துக்குச் சொந்தம், படத்தை வெளியிடும் உரிமை டிஸ்னிக்கு. பாட்டை வெட்டிய நாளில் கெர்மிட் டிஸ்னியின் சொத்து அல்ல. நிறுவனத்துக்குப் படைப்பின் மேல் பிடி வர, பாத்திரங்களை வாங்க வேண்டும் என்றுகூட இல்லை, வெளியீட்டு உரிமையே போதும் என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

வெட்டப்பட்டது என்ன

படம் சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கதை. கஞ்ச வியாபாரி ஸ்க்ரூஜாக மைக்கேல் கெய்ன் நடித்தார். கெர்மிட் ஏழைக் குமாஸ்தா. கோன்சோ என்ற நீல மூக்குப் பாவை டிக்கன்ஸாக வந்து கதை சொல்லும். ரிஸ்ஸோ என்ற எலி கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இயக்கியவர் ஹென்சனின் மகன் பிரையன் ஹென்சன். முதல் திரைப்படம், வயது முப்பதுகூட ஆகவில்லை, தந்தை போய் இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. கெர்மிட்டை ஆட்டியவருக்கும் அந்தப் பொறுப்பில் இதுவே முதல் திரைப்படம். படம் ஜிம் ஹென்சனுக்கும், 1992 தொடக்கத்தில் இறந்த சக பாவைக் கலைஞர் ரிச்சர்ட் ஹண்டுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. குழந்தையை இழந்த வீட்டில் உட்கார்ந்து, வாழ்க்கை என்பதே சந்திப்பும் பிரிவுந்தான் என்று அந்தத் தவளை சொல்லும் காட்சியை ரசிகர்கள் இன்றும் தழுதழுத்துப் பேசுவதற்குக் காரணம் கதையில் மட்டும் இல்லை.

படப்பிடிப்பு இங்கிலாந்தின் ஷெப்பர்டன் அரங்கில் நடந்தது. தரைப் பலகைகளை எடுத்துவிட்டு, பாவைக் கலைஞர்கள் கீழே நின்று ஆட்ட, கெய்ன் நடுவே விட்ட குறுகலான பலகைகள் மேல் நடந்து நடித்தார். கீழே பார்க்கவே கூடாது. எதிரே இருப்பது துணி என்ற நினைப்பும் வரக்கூடாது. மரபான மேடை நாடகத்தில் நடிப்பதைப் போலவே நடிப்பேன், ஒரு இடத்திலும் கண்சிமிட்ட மாட்டேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டதாக இயக்குநர் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

பாட்டு வருவது ஸ்க்ரூஜின் இளமைக் காலத்தில். பனி படர்ந்த இடத்தில் காதலி பெல், இளம் ஸ்க்ரூஜிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பிரிகிறாள். பால் வில்லியம்ஸ் எழுதிய 'வென் லவ் இஸ் கான்' என்ற மெதுவான பாட்டை அவள் பாடுகிறாள். சுமார் மூன்று நிமிடம். கூடவே, அவள் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நிற்கும் கிழ ஸ்க்ரூஜ் கடைசி வரிகளில் தானும் சேர்ந்து பாட முயல்கிறார், குரல் உடைந்துவிடுகிறது. இதுவரை யாரிடமும் இரங்காத ஆள் முதல்முறை உடைவது அங்கேதான்.

காட்சியில் பாவையே கிடையாது. இரண்டு மனிதர், ஒரு கிழவர், பனி. இதை நினைவில் வைத்துக்கொள்வது முக்கியம்.

1992: வெட்டியதும் அதன் காரணமும்

ஸ்டுடியோவின் மூத்த நிர்வாகி ஒருவர் பாட்டை எடுத்துவிடலாம் என்றார். சிறு பிள்ளைகளுக்கு அந்த உணர்வு எட்டாது, பொறுமை இழந்து நெளிவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இயக்குநர் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

நிர்வாகியை வில்லனாக்குவது எளிது. நான் அப்படி எழுதப் போவதில்லை. பாவைகளைப் பார்க்க வந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு, பாவை இல்லாத மூன்று நிமிடம் நீளந்தான். எதிரே 'ஹோம் அலோன் 2' ஓடிக்கொண்டிருந்தது. அதே ஸ்டுடியோவின் 'அலாதீன்' வெளியாகிச் சில வாரந்தான் ஆகியிருந்தது. குழந்தைகள் கூட்டத்துக்காக அந்த டிசம்பரில் கடும் போட்டி. படம் அமெரிக்காவில் சுமார் 27 மில்லியன் டாலர் வசூலோடு நின்றது. அந்த நாளின் கணக்கில் பாட்டை வெட்டியது ஒரு தொழில் முடிவு. தவறாகவே இருந்தாலும் நியாயமான தவறு.

ஆனால் வெட்டியதால் படத்தில் இரண்டு இடம் பிசகியது. பெல் பேசிவிட்டுப் போகிறாள். அடுத்த ஷாட்டில் ரிஸ்ஸோ தேம்பித் தேம்பி அழுகிறது, கோன்சோ தேற்றுகிறது. பாட்டோடு பார்த்தால் நாமும் அந்த எலியோடு சேர்ந்து அழுதுகொண்டிருப்போம். பாட்டு இல்லாமல் பார்த்தால் எலிக்கு என்ன ஆயிற்று என்றுதான் தோன்றும்.

இரண்டாவது பிசகு இன்னும் ஆழமானது. படத்தின் முடிவில் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று பாடும் பாட்டு, பெல்லின் மெட்டையே எடுத்துத் திருப்பிப் போடுகிறது. அங்கே அன்பு போய்விட்டது. இங்கே அன்பு கிடைத்துவிட்டது. முதல் பாட்டைக் கேட்காதவருக்கு இறுதிப் பாட்டு இனிமையான ஒரு மெட்டு, அவ்வளவே. கேள்வி இல்லாமல் பதில் மட்டும் வந்து நிற்கிறது.

வீட்டுத் திரையில் இருபது ஆண்டுகள்

திரையரங்கில் வெட்டப்பட்ட பாட்டு அமெரிக்க வீடியோ கேசட்டில் திரும்பி வந்தது. இங்கே கதை ஒரு விசித்திரமான திருப்பம் எடுக்கிறது. திரையரங்கில் பார்த்தவர்களைவிட கேசட் தேயத் தேய வீட்டில் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதிகம். அவர்களைப் பொறுத்தவரை பாட்டு இருப்பதுதான் படம். நெளிவார்கள் என்று யாரைப் பற்றிக் கவலைப்பட்டார்களோ அதே வயதுப் பிள்ளைகள்தான் அதை மனப்பாடமாக்கினார்கள். சிலர் அந்த இடத்தில் வேகமாக ஓட்டியதையும் ஒளிக்காமல் சொல்வார்கள். சிறுவயதில் ஓட்டிவிட்டுப் பெரியவரான பிறகு அதே இடத்தில் நிறுத்தி அழுதோம் என்பது ரசிகர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு.

டிவிடி காலத்தில் குழப்பம் தொடங்கியது. அகலத்திரை வடிவில் பாட்டு இல்லை; பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஏற்ப ஓரங்களை வெட்டிய வடிவில் பாட்டு இருந்தது. முழுப் படச்சட்டம் வேண்டுமென்றால் பாட்டை விட வேண்டும். பாட்டு வேண்டுமென்றால் படத்தின் இரு ஓரங்களையும் விட வேண்டும். 2012-இல் இருபதாம் ஆண்டுக்காக வந்த ப்ளூ-ரேயில் பாட்டு அறவே இல்லை.

இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஓரம் வெட்டிய வடிவில் பனியின் வெண்மை சற்று மங்கி, விளிம்புகள் கரைந்து, பழைய கேசட்டின் சாயல் அப்படியே தெரிகிறது. வீடியோவுக்காகச் செய்த மாஸ்டரிலிருந்து வந்த படம் அது. பிலிம் நெகட்டிவிலிருந்து புதிதாக எடுக்க வழி இல்லை. நெகட்டிவைக் காணவில்லை.

ரசிகர்களின் கோபம் மாறியது இந்தச் செய்தி பரவிய பிறகுதான். அதுவரை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டவர்கள், அதன் பிறகு எங்கே வைத்தார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். முதல் கேள்விக்கு இரு பக்க நியாயம் உண்டு. இரண்டாவது கேள்விக்கு இல்லை. படத்தைச் சுருக்குவது ஒரு நாள் திருத்திக்கொள்ளக்கூடிய முடிவு. வெட்டிய துண்டைத் தொலைத்தால் திருத்த வழியே இல்லாமல் போகிறது.

2004-க்குப் பின்: ரசிகர்கள் எதைப் பார்த்தார்கள்

பாட்டின் கதையைத் தனியாக எடுத்தால் பாதிதான் புரியும். பாத்திரங்கள் டிஸ்னிக்குச் சொந்தமான பிறகு ரசிகர்கள் வேறு பலவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லது நடந்தது. 2011-இல் வந்த திரைப்படம் உலகெங்கும் ஓடியது. அதன் பாட்டு ஒன்று ஆஸ்கர் வென்றது. 2021 பிப்ரவரியில் பழைய 'தி மப்பெட் ஷோ' ஐந்து சீசனும் டிஸ்னியின் ஓடிடி தளத்தில் வந்தது. நான்காம், ஐந்தாம் சீசன்கள் அதற்கு முன் முழுத் தொகுப்பாக வீட்டுக்கு விற்பனைக்கு வந்ததில்லை. பலருக்கு அது நாற்பது ஆண்டுக்குப் பின் கிடைத்த சந்திப்பு. அந்த வாரமே ரசிகர்கள் அத்தியாயம் அத்தியாயமாக எண்ணத் தொடங்கினார்கள். இரண்டு அத்தியாயங்கள் இல்லை. சிலவற்றில் இசை உரிமைச் சிக்கலால் பாடல்கள் வெட்டப்பட்டிருந்தன. இதைப் பிடிவாதம் என்று வெளியார் சிரிக்கலாம். ஏற்கெனவே ஒரு பாட்டைப் பறிகொடுத்தவர்கள் எண்ணிப் பார்ப்பது இயல்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மனம் ஒடியவும் காரணங்கள் இருந்தன. 2015-இல் ஏபிசி தொலைக்காட்சித் தொடர் பாவைகளை ஆவணப்பட பாணியில், அலுவலகக் கசப்போடு காட்டியது. கெர்மிட்டும் அதன் காதலியான பன்றிப் பாவை மிஸ் பிக்கியும் பிரிந்ததையே விளம்பரமாக்கினார்கள். பாதியில் பொறுப்பாளரை மாற்றியும் பலனில்லை. 16 அத்தியாயத்தோடு முடிந்தது. 2016-இல், 1990 முதல் கெர்மிட்டை ஆட்டிவந்த கலைஞர் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் தரப்பு ஒன்று சொன்னது, நிறுவனம் வேறொன்று சொன்னது. ஹென்சன் குடும்பம் வெளிப்படையாகவே நிறுவனத்தின் முடிவை ஆதரித்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கெர்மிட் என்பது அந்தக் கை, அந்தக் குரல். மறு பகுதியினருக்கு, ஜிம்முக்குப் பிறகும் கெர்மிட் தொடர்ந்ததே கை மாறலாம் என்பதற்குச் சாட்சி. நான் இந்தப் பூசலில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இரு தரப்புக்கும் பொதுவாக ஒன்று இருந்ததைக் கவனித்தேன்: முடிவு எடுக்கப்பட்டுப் பல மாதம் கழித்துத்தான் தங்களுக்குத் தெரிந்தது என்ற வருத்தம்.

2023-இல் மப்பெட் இசைக்குழுவை மையமாக வைத்து வந்த பத்து அத்தியாயத் தொடரை ரசிகர்கள் பெரிதும் விரும்பினார்கள். ஒரே சீசனோடு அது நிறுத்தப்பட்டது. ஒன்றைத் தொடங்குவார்கள், வேர் பிடிப்பதற்குள் பிடுங்குவார்கள், சில ஆண்டு சும்மா இருப்பார்கள், பிறகு வேறு ஆட்களோடு வேறொன்றைத் தொடங்குவார்கள். நீண்ட கால ரசிகரிடம் குறை என்னவென்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார். பணத்தாசை என்று அவர் சொல்வது அரிது. இவர்களுக்குப் பாவைகளை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்பார்.

கண்டெடுப்பு

நெகட்டிவ் தேடலை உயிரோடு வைத்திருந்தவர் இயக்குநரே. பேட்டிகளில் பாட்டைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் பேசினார்; ஸ்டுடியோவிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். ரசிகர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் அதே கேள்வியை எழுப்பினார்கள். எந்த வெளியீட்டில் பாட்டு இருக்கிறது, எதில் இல்லை என்ற விவரத்தைத் துல்லியமாகத் தொகுத்து வைத்தவர்களும் அவர்கள்தான்.

2020 டிசம்பரில் பிரையன் ஹென்சன் நெகட்டிவ் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். வேறு வேலையாக ஸ்டுடியோவுக்குப் போனவரிடம், முதலில் ஒன்றைக் காட்டுகிறோம் என்று சொல்லி ரீலை ஓட்டியிருக்கிறார்கள். எந்த இடம் ஓடுகிறது என்று புரிந்ததும் அவரால் நம்ப முடியவில்லை. இருபத்தெட்டு ஆண்டுக்கு முன் மனமில்லாமல் தலையாட்டியவருக்குக் கிடைத்த அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. தேடிக் கண்டுபிடித்த காப்பகப் பணியாளர்களின் பெயரை ரசிகர் பேச்சில் நான் கேட்டதில்லை. ஆனால் இந்தக் கதையில் நிறுவனத்தின் உள்ளிருந்தே நன்மை செய்தவர்கள் அவர்கள். நிறுவனம் என்று ஒற்றைச் சொல்லால் சொல்லும்போது, வெட்டச் சொன்னவரும் தேடி எடுத்தவரும் ஒரே பெயருக்குள் மறைந்துவிடுகிறார்கள்.

2022: திரும்பி வந்ததும் வைத்த இடமும்

படத்தின் முப்பதாம் ஆண்டில், 2022 டிசம்பரில், புதிதாக மீட்டெடுத்த முழு வடிவம் டிஸ்னியின் ஓடிடியில் வந்தது. பனி வெண்மையாக இருந்தது. பெல்லின் முகத்தில் விழும் விளக்கொளியும் கெய்னின் கண்ணில் திரளும் நீரும் துல்லியமாகத் தெரிந்தன. ரிஸ்ஸோ அழுததற்குக் காரணம் திரும்பிவிட்டது. இறுதிப் பாட்டில் மெட்டு திரும்பும் இடத்தில் அது எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகக் கேட்டது.

ஒரே ஒரு குறை. படத்தின் பெயரைத் தேடி, ஓட விடும் பொத்தானை அழுத்தினால் வந்தது பாட்டு இல்லாத வடிவம். முழு வடிவம் 'கூடுதல்' பகுதிக்குள், முன்னோட்டங்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு முழுப் படம் இருக்கும் என்று தெரியாதவர் போக மாட்டார்.

இதிலும் கருத்து ஒன்றாக இல்லை. திரையரங்கில் வெளியான வடிவமே வரலாற்று வடிவம், அதை முன்னால் வைப்பது முறைதான் என்றார்கள் சிலர். வாதத்தில் பலம் இருக்கிறது. இயக்குநர் விரும்பிய வடிவமும், கேசட்டில் ஒரு தலைமுறை பார்த்த வடிவமும் ஒன்றாக இருக்கும்போது அதை உள்ளறையில் வைப்பது ஏன் என்றார்கள் மற்றவர்கள். நான் இரண்டாம் பக்கம். ஆனாலும் இரண்டு வடிவமும் ஒரே இடத்தில், ஒரே தரத்தில் கிடைப்பதே 1992-க்குப் பின் முதல்முறை என்பதை மறுக்க மாட்டேன்.

அதே கேள்வி, வேறு இடத்தில்

இந்த ஆய்வை 2022-இல் முடித்திருப்பேன். 2025-இல் நடந்தது பழைய கேள்வியை மறுபடி எழுப்பியது.

ஃபுளோரிடாவில் டிஸ்னியின் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் 'மப்பெட்விஷன் 3டி' என்ற அரங்கு இருந்தது. ஜிம் ஹென்சன் கடைசியாக இயக்கிய வேலைகளில் ஒன்று. கெர்மிட்டின் கையும் குரலும் அதில் அவருடையவை. அவர் இறந்து சரியாக ஓராண்டு கழித்து, 1991 மே 16 அன்று அது திறக்கப்பட்டது. அங்கே காத்திருக்கும் கூடமே ஒரு நிகழ்ச்சி. காவல் கூண்டில், ஐந்து நிமிடத்தில் வருகிறேன், சாவி மிதியடிக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு பலகை. குனிந்து மிதியடியைத் தூக்கினால் நிஜமாகவே ஒரு சாவி இருக்கும். பெரும்பாலானவர் தூக்கிப் பார்க்காமல் கடந்து போவார்கள். தூக்கிப் பார்த்த பிள்ளை வாழ்நாளில் மறக்காது. அந்தச் சாவியை வைக்கச் சொன்ன மனம்தான் மப்பெட்.

2024 நவம்பரில் மூடல் அறிவிப்பு வந்தது. 2025 ஜூன் 7 கடைசி நாள். அதன் இடத்தில் 'மான்ஸ்டர்ஸ், இன்க்.' என்ற அனிமேஷன் படத்தின் உலகம் எழுகிறது. மப்பெட் இசைக்குழுவுக்கு அதே பூங்காவில் ஒரு ரோலர் கோஸ்டர் ஒதுக்கப்பட்டது. படத்தையும் அரங்கின் சில பகுதிகளையும் பாதுகாக்கும் வழிகளை ஆராய்வதாக நிறுவனம் சொன்னது.

கடைசி நாட்களில் வரிசையில் நின்ற ரசிகர்களில் பலர் எதிர்ப்பைவிடப் பிரியாவிடையாகத்தான் அதைக் கண்டார்கள். முப்பத்துநான்கு ஆண்டு ஓடிய அரங்கு மூடப்படுவதில் அநியாயம் இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் பாதுகாப்போம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நீண்ட கால ரசிகருக்கு நினைவு வந்தது அந்த நெகட்டிவ்தான்.

மாற்ற வேண்டியது எது

வெட்டும் உரிமையை நிறுவனத்திடமிருந்து யாரும் பறிக்க முடியாது; பறிக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. முதல் திருத்தம் மிகச் சாதாரணமானது: வெட்டிய ஒவ்வொரு துண்டும் எந்தப் பெட்டியில், எந்த அலமாரியில் இருக்கிறது என்ற பதிவு, படம் வெளியாகும் அன்றே முடிந்திருக்க வேண்டும். 1992-இல் அது நடந்திருந்தால் 2012 ப்ளூ-ரேயிலேயே பாட்டு இருந்திருக்கும். டிவிடி வாங்கியவர்கள் படத்தின் ஓரத்துக்கும் பாட்டுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையும் வந்திருக்காது.

அடுத்தது, சொல்லிவிடுவது. நெகட்டிவ் காணவில்லை என்பதை ரசிகர்கள் தெரிந்துகொண்டது இயக்குநரின் பேட்டிகளிலிருந்து. உரிமையாளர் தரப்பு தானாக முன்வந்து, தேடுகிறோம், இன்னும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஏமாற்றம் புதிதாக எழுந்திருக்காது. கெர்மிட் கலைஞர் மாற்றத்திலும் காயத்தைப் பெரிதாக்கியது மௌனம்.

ரசிகர் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் 2004-இன் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. பாட்டு தொலைந்தது அதற்கு முன்னால். கிடைத்தது அதற்குப் பின்னால், அதே உரிமையாளரின் காப்பகத்திலிருந்து. கோபத்துக்கு இந்த ஆண்டுகள் தடையாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் கோபம் இந்த ஆண்டுகளைத் தெரிந்துகொண்டு பேசினால் கேட்கிறவர் காது கொடுப்பார்.

படத்தை முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு: நேரே ஓட விடாதீர்கள். கூடுதல் பகுதிக்குள் போய், 89 நிமிடம் ஓடும் வடிவத்தைத் திறங்கள்.